குழந்தைக்கு இங்கிலீஷ்: கிளாஸா, ஆப்பா, கார்ட்டூனா, கதைப் புத்தகமா?

எல்கேஜியிலிருந்து நாலாம் வகுப்புக்குள் பிள்ளை இருக்கிற வீடுகளில் ஜூன் பிறந்தால் போதும், இந்தப் பேச்சு வந்துவிடும். ஸ்போக்கன் இங்கிலீஷில் சேர்த்துவிடலாமா, எதிர்வீட்டுப் பிள்ளை போனிக்ஸ் கிளாஸ் போகிறதாமே, ஏதோ ஆப் இருக்கிறதாமே, இல்லை பேசாமல் இங்கிலீஷ் கார்ட்டூனைப் போட்டுவிட்டால் தானாக வந்துவிடுமா என்று. எல்லாமே "விளையாட்டாகவே கற்றுக்கொடுக்கிறோம்" என்றுதான் சொல்கின்றன. எல்லாவற்றுக்கும் நேரமும் கிடையாது, பணமும் கிடையாது. அதனால் எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று பார்ப்போம். நான் மனதில் வைத்திருப்பது நாலு வயதிலிருந்து ஒன்பது வயது வரையுள்ள, வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகளை. அப்பா அம்மாவுக்கு இங்கிலீஷ் படித்தால் புரியும், பேசத்தான் தயக்கம் என்கிற வீடுகளை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதைப் புத்தகத்தைப் பிள்ளையோடு சேர்ந்து வாசிப்பதும், பிள்ளையைத் தானாக வாய் திறக்க வைக்கிற வீட்டு விளையாட்டுகளும்தான் முதலில். கார்ட்டூன் இரண்டாவது, அதுவும் சில கட்டுப்பாடுகளோடு. ஆப் ஒரு துணைக்கு. காசு கொடுத்துப் போகிற கிளாஸ் கடைசி.

இந்த வரிசைக்கு நான் வைத்திருக்கிற அளவுகோல் ஒன்றுதான். அந்த அரை மணி நேரத்தில் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எவ்வளவு இங்கிலீஷ் காதில் விழுந்தது, பிள்ளை தானாக ஆசைப்பட்டு எத்தனை தடவை வாய் திறந்தது. பெரிய ஏசி ரூமா, வெளிநாட்டு சிலபஸா, சர்டிபிகேட் தருவார்களா என்பதெல்லாம் அப்புறம்.

கிளாஸிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் நிறைய பேர் முதலில் போய் நிற்பது அங்கேதான். பதினைந்து பிள்ளைகள், ஒரு மணி நேரம் என்று வையுங்கள். மிஸ் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் முழு நேரத்தையும் சமமாகப் பங்கு போட்டாலே ஒரு பிள்ளைக்கு நாலு நிமிஷம்தான். ஆனால் பேசுவது முக்கால்வாசி மிஸ்தான். மீதி நேரம் எல்லாரும் சேர்ந்து ஒப்பிப்பது. இப்படிப் போகிற கிளாஸ்களில் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்வது 'மை செல்ஃப்'. பெயர், வகுப்பு, அப்பா வேலை, பிடித்த நிறம் எல்லாம் மூச்சு விடாமல் வரும். அதே பிள்ளையிடம் "வாட் டிட் யூ ஈட் டுடே?" என்று கேட்டுப் பாருங்கள், அம்மா முகத்தைப் பார்க்கும். அது பிள்ளையின் குறை இல்லை. அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அதனிடம் நிஜமாகக் கேட்டதே இல்லை, அவ்வளவுதான்.

ஒருவருக்கு ஒருவர் என்று நடக்கிற ஆன்லைன் கிளாஸில் பேசுகிற நேரம் நிச்சயம் கூடுதல், அதை மறுக்க முடியாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இலவச டெமோ முடிந்த அரை மணிக்குள் போன் மேல் போன் வரும், "இன்றைக்கே சேர்ந்தால் பாதி ஃபீஸ்" என்பார்கள், ஒரு வருடப் பணத்தையும் தவணையில் போட்டு வாங்கிவிடுவார்கள். எங்கள் சொந்தக்காரர் வீட்டில் இப்படித்தான் கட்டினார்கள். பிள்ளைக்குப் பிடித்துப்போன டீச்சர் கொஞ்ச நாளில் நின்றுவிட, புதிதாக வந்தவரிடம் பிள்ளை வாயே திறக்கவில்லை, பணம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. அதனால் எங்கே சேர்த்தாலும் மாதக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

போனிக்ஸை, அதாவது எழுத்தின் ஓசையை வைத்து வாசிக்கக் கற்றுத்தருகிற முறையை, கொஞ்சம் தனியாகப் பார்க்க வேண்டும், அது உண்மையிலேயே உபயோகமான விஷயம். நம் பிள்ளைகளுக்குத் தமிழில் 247 எழுத்து இருந்தாலும், கற்றுக்கொண்டுவிட்டால் பெரும்பாலும் பார்த்தபடியே வாசித்துவிடலாம். இங்கிலீஷில் 26 எழுத்தை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளைச் சமாளிக்கிறார்கள். எழுத்தின் பெயர் ஒன்று, அது தருகிற ஓசை இன்னொன்று. 'எஸ்' என்பது பெயர், வாசிக்கும்போது வருவது 'ஸ்ஸ்'. இந்த ஓசையைப் பிடித்துக்கொண்ட பிள்ளை, ஸ்பெல்லிங்கை உருப்போடாமலே புதிய சொல்லை எட்டிப் பிடித்துவிடும். பரவலாகப் பயன்படுத்துகிற ஜாலி போனிக்ஸ் முறையில் மொத்தம் 42 ஓசைகள், ஏழு தொகுதிகளாக. முதல் தொகுதி எஸ், ஏ, டி, ஐ, பி, என் (s, a, t, i, p, n). இந்த ஆறு எழுத்தை வைத்தே சிட், பின், டின், டாப், நாப், ஆன்ட் என்று சின்னச் சின்ன சொற்களைக் கட்டிவிடலாம். காலண்டர் அட்டையை வெட்டி ஆறு எழுத்தை எழுதி, தரையில் உட்கார்ந்து சேர்த்துச் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள், ஆரம்பத்துக்கு இது போதும்.

ஆனால் போனிக்ஸ் கற்றுத்தருவது வாசிக்க. பேசவோ புரிந்துகொள்ளவோ அல்ல. பக்கம் முழுவதையும் கடகடவென்று வாசித்துவிட்டு, என்ன கதை என்று கேட்டால் விழிக்கிற பிள்ளைகளை நிறையவே பார்க்கலாம். வாசிக்கிற சொல்லை முன்பே காதால் கேட்டுப் பழகியிருந்தால்தான் போனிக்ஸுக்கு வேலை. காதில் விழாத சொல்லை எழுத்துக் கூட்டி என்ன பயன்? அதனால் யூகேஜி அளவில் வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிக்கலாம். தனியாகப் பணம் கட்டி அனுப்புவது அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கார்ட்டூனுக்கு வருவோம். இங்கே நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. நல்லதில் பெப்பா பிக் மாதிரியான தொடர்களைச் சொல்வேன். ஒரு கதை ஐந்து நிமிஷம்தான். சின்ன வாக்கியங்கள், வீட்டுக்குள் நடக்கிற விஷயங்கள், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள், யாரும் கத்துவதில்லை. ஆஸ்திரேலியாவின் ப்ளூயி அதைவிடக் கொஞ்சம் வேகம், ஏழு நிமிஷம், அப்பா அம்மா பிள்ளைகளோடு எப்படி விளையாடலாம் என்பதையும் சேர்த்துக் காட்டிவிடும். ஆறேழு வயதுக்கு அது இன்னும் பிடிக்கும். கலர் கலராக நொடிக்கொரு தரம் காட்சி மாறுகிற ரைம்ஸ் வீடியோக்களில் பிள்ளை கண்ணைத்தான் கொடுக்கிறது, காதைக் கொடுப்பதில்லை. ஷார்ட்ஸ் பக்கமே விடாதீர்கள்.

திரையை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு ஒரு ஆராய்ச்சி சொல்கிறேன். பாட்ரிசியா கூல் என்பவரின் குழு அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தது. ஒரு பிரிவுக்கு ஆள் நேரில் உட்கார்ந்து பேசி விளையாடினார், இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள் அதே விஷயத்தைத் திரையில் பேசினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன, திரையில் கேட்டவை கற்றுக்கொள்ளவில்லை. 2003இல் வெளியானது இது. அவை கைக்குழந்தைகள், ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, பெரிய பிள்ளைகள் கார்ட்டூனிலிருந்து ஓரளவு எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் வருகிற வித்தியாசம் எந்த வயதிலும் பெரிசு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் நினைவிருக்கட்டும்: இரண்டு வயது முடியாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. இங்கிலீஷ் என்பதற்காக அந்தக் கணக்கைத் தளர்த்தாதீர்கள்.

எனவே கார்ட்டூனை இப்படி வையுங்கள். ஒரே கதையை நாலைந்து நாள் திரும்பப் பார்க்கட்டும், பிள்ளைகளுக்கு அதில் அலுப்பே வராது. பக்கத்தில் உட்காருங்கள். ஓரிடத்தில் நிறுத்தி "வேர் இஸ் ஹீ ஹைடிங்?" என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான், பரீட்சை வைத்துவிடக் கூடாது. வாசிக்கத் தெரிந்த பிள்ளையென்றால் இங்கிலீஷ் சப்டைட்டிலைப் போட்டுவிடுங்கள். பேசுகிற மொழியிலேயே கீழே எழுத்தும் ஓடினால் வாசிப்பு தானாகப் பழகும் என்பதை அகமதாபாத் ஐஐஎம்மில் பணியாற்றிய பிரிஜ் கோத்தாரி 1990களின் நடுவிலிருந்து சொல்லி வருகிறார், சினிமாப் பாட்டுகளுக்கு அதே மொழியில் வரி போட்டு டிவியில் செய்தும் காட்டினார்கள். செலவே இல்லாத வேலை இது, ஒரு பட்டனை அழுத்த வேண்டும்.

ஆப்களில் பெரும்பாலானவற்றில் வேலை செய்வது விரல்தான், வாய் அல்ல. சரியான படத்தைத் தொட்டால் நட்சத்திரம் வரும், பிள்ளை குஷியாகிவிடும், அந்தச் சொல்லை ஒரு தடவைகூட உச்சரித்திருக்காது. இதற்கு ஒரு விலக்கு கூகுளின் ரீட் அலாங். 2019இல் போலோ என்ற பெயரில் இந்தியாவில்தான் முதலில் வந்தது. பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும், தியா என்கிற பொம்மைப் பாத்திரம் கேட்டுக்கொண்டே இருக்கும், தடுமாறுகிற இடத்தில் எடுத்துக்கொடுக்கும். கதைகளை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும், தமிழிலும் வாசிக்கலாம். வாசிக்க ஆரம்பித்துவிட்ட, ஆனால் ஆள் முன்னால் வாசிக்கக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு மிகவும் பொருத்தம். அதைவிடச் சின்னப் பிள்ளை என்றால் கான் அகாடமி கிட்ஸ், இலவசம், விளம்பரம் கிடையாது, நடுவில் எதையும் வாங்கச் சொல்லாது. இரண்டில் ஒன்று, நாளைக்குப் பதினைந்து நிமிஷம். அதற்கு மேல் ஆப்பிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது புத்தகம். எனக்கு நிறையச் சொல்ல இருப்பது இங்கேதான்.

1983இல் வெளியான ஒரு ஆய்வு. ஃபிஜித் தீவின் கிராமப் பள்ளிகளில், இங்கிலீஷ் தாய்மொழி அல்லாத நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எல்லி, மங்குபாய் என்ற இருவர் செய்தது. வகுப்புக்கு 250 படக் கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் குவித்தார்கள். சில வகுப்புகளில் பிள்ளைகள் தாங்களாக எடுத்து வாசித்தார்கள், சில வகுப்புகளில் டீச்சர் வாசித்துக் காட்டி அதைப் பற்றிப் பேசவும் வரையவும் நடிக்கவும் செய்தார்கள். மற்ற பள்ளிகளில் வழக்கமான பாடம். எட்டு மாதத்தில், வாசிப்பதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் புத்தகம் கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். அடுத்த வருடம் அது எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியது. பணக்கார ஊரில்லை, இங்கிலீஷ் பேசுகிற வீடுகளில்லை. நம் ஊர் நிலைமைக்கு இவ்வளவு நெருக்கமான ஆய்வு வேறு எனக்குத் தெரியாது.

புத்தகத்துக்குப் பெரிய செலவும் இல்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஆயிரக்கணக்கான படக் கதைகள் இலவசமாகக் கிடக்கின்றன, 2015இல் ஆரம்பித்தது. நாலு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள், முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு வரி இரண்டு வரிதான். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், பல கதைகள் தமிழிலும் இருக்கும், இங்கிலீஷிலும் இருக்கும், அதே படங்களோடு. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்தில் வருகிற புத்தகங்களைப் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் இரண்டின் விலையும் கைக்கு அடக்கம், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியிலும் மாவட்டப் புத்தகத் திருவிழாக்களிலும் அள்ளிக்கொண்டு வரலாம். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் சிறுவர் பகுதி நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை கூட்டிப் போய்ப் பாருங்கள்.

எப்படி வாசிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே போகாதீர்கள், பிள்ளை இங்கிலீஷ் வரியைக் காதில் வாங்காமல் தமிழுக்காகக் காத்திருக்கப் பழகிவிடும். முதல் நாள் முழுக் கதையையும் தமிழில் ஆசையாகச் சொல்லிவிடுங்கள். மறுநாள் அதே படங்களோடு இங்கிலீஷில். ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டி தூங்குகிறாள், அவள் கீரைக் கூடையில் ஒரு ஆடு வாயை வைத்துவிட்டது. 'த கோட் இஸ் ஈட்டிங்!' என்று வாசித்து ஆட்டின் மேல் விரலை வைக்கிறீர்கள். "பாட்டி முழிச்சா என்ன சொல்லுவா?" பிள்ளை சொல்லும், "ஏய், போ போ!" உடனே நீங்கள் அதே கோபத்தோடு, "கோ அவே, கோட்! கோ அவே!" அவ்வளவுதான். அடுத்த முறை அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே பிள்ளை கையை ஓங்கிக்கொண்டு "கோ அவே" என்று கத்தும், சாயங்காலம் வாசலுக்கு வருகிற காக்காயையும் அதே வார்த்தையில் விரட்டும். இதைத்தான் தானாக வாய் திறப்பது என்கிறேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை, அர்த்தம் கேட்கவில்லை, ஆனால் அந்தச் சொல் இனி பிள்ளைக்குச் சொந்தம்.

"என் உச்சரிப்பே சரியில்லை, நான் வாசித்தால் பிள்ளைக்கும் அதுதானே வரும்" என்று தயங்குகிற அம்மாக்கள் நிறைய. ஸ்டோரிவீவரில் சில கதைகளுக்கு வாசித்துக் காட்டுகிற ஆடியோவும் உண்டு, முந்தின இரவு ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிள்ளையோடு சேர்ந்தே கேளுங்கள். பிள்ளையின் காதுக்கு நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை, கார்ட்டூன், பள்ளி, ஆடியோ எல்லாம் இருக்கிறது, உச்சரிப்பு அங்கிருந்தெல்லாம் சேர்ந்து சரியாகும். உங்கள் மடியில் உட்கார்ந்து கதை கேட்கிற ஆசையை வேறு யாரும் தர முடியாது. தைரியமாக வாசியுங்கள்.

வீட்டு விளையாட்டுகளில் சின்னப் பிள்ளைக்கு சைமன் சேஸ் ஒன்றே போதும். "டச் யுவர் நோஸ், ஜம்ப், டர்ன் அரவுண்ட்" என்று சொல்வதைக் கேட்டு உடம்பால் செய்வது. பேச வேண்டிய கட்டாயமே இல்லாததால் கூச்சப்படுகிற பிள்ளைகூடக் கலந்துகொள்ளும். 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதையே ஒரு கற்பிக்கும் முறையாக வளர்த்தார். கொஞ்ச நாளில் பிள்ளையை, கட்டளை சொல்கிற சைமனாக்கிவிடுங்கள், அப்பாவைக் குதிக்க வைக்கிற சந்தோஷத்தில் வாக்கியம் வாக்கியமாக வரும். வாசிக்கத் தெரிந்ததும் சீட்டு விளையாட்டு. 'லுக் அண்டர் த பில்லோ' என்று ஒரு துண்டுச் சீட்டு கையில் கொடுங்கள், தலையணைக்கு அடியில் 'கோ டு த ஃபிரிட்ஜ்', ஃபிரிட்ஜ் கதவில் 'லுக் பிஹைண்ட் த டோர்', கதவுக்குப் பின்னால் ஒரு கடலை மிட்டாய். அண்டர், பிஹைண்ட், இன்சைட் எல்லாம் கிராமர் புத்தகத்தில் பார்ப்பதற்கு ரொம்ப முன்னாடியே காலால் ஓடித் தெரிந்துகொண்டுவிடும். ஏழெட்டு வயதுக்கு நேம் பிளேஸ் அனிமல் திங், பஸ்ஸில் போகும்போது மனதில் ஒரு மிருகத்தை நினைத்துக்கொண்டு "இஸ் இட் பிக்? கேன் இட் ஃப்ளை?" என்று கேட்டுக் கண்டுபிடிப்பது. செலவு ஒன்றுமில்லை.

விளையாட்டின் நடுவில் திருத்தாதீர்கள். "ஐ கோ பார்க் யெஸ்டர்டே" என்று பிள்ளை சொன்னால், "ஓ, யூ வென்ட் டு த பார்க்? ஹூ கேம் வித் யூ?" என்று சரியான வாக்கியத்தைப் பேச்சுக்குள்ளேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். "தப்பு, வென்ட் சொல்லு" என்றால் அந்தக் கதை அங்கேயே நின்றுவிடும்.

சில வீடுகளில் இன்னொரு வழி எடுக்கிறார்கள், வீட்டிலேயே தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுவது. இதை நான் முழு மனதோடு வேண்டாம் என்பேன். அப்பா அம்மாவுக்கே சரளமாக வராத மொழியில் வீட்டுப் பேச்சு "கம், ஈட், கோ, ஸ்லீப்" என்று சுருங்கிவிடும். பிள்ளைக்குக் கோபம் வந்தால், பயம் வந்தால், பள்ளியில் யாராவது அடித்தால் அதைச் சொல்ல ஒரு முழு மொழி வேண்டும். தாத்தா பாட்டியோடு பேச்சே நின்றுபோகிற வீடுகளும் இருக்கின்றன, அது எந்த இங்கிலீஷுக்கும் கொடுக்கக் கூடாத விலை. ஒரு மொழியில் விவரமாகக் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாவது மொழி சீக்கிரம் வரும். தமிழ் அப்படியே ஓடட்டும். விளையாட்டு நேரம், கதை நேரம் மட்டும் இங்கிலீஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் யாருக்கு எது? அம்மா அப்பா இரண்டு பேரில் ஒருவருக்காவது தினம் இருபது நிமிஷம் கிடைக்கும் என்றால் புத்தகமும் விளையாட்டும், வாரத்தில் சில நாள் ஒரு கார்ட்டூன், வேறு எதுவும் வேண்டாம், எந்த கிளாஸும் வேண்டாம். இரண்டு பேரும் வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வருகிற வீடு என்றால் பகலில் ரீட் அலாங், படுக்கும்போது ஒரு கதை, ஞாயிறு ஒரு சீட்டு விளையாட்டு. இங்கிலீஷ் எழுத்தே வாசிக்க வராத பெற்றோர் என்றால் ஆடியோவோடு வருகிற கதைகள், அப்புறம் தெருவில் கல்லூரி படிக்கிற ஒரு அக்காவைப் பிடித்து வாரம் இரண்டு நாள் நாலைந்து பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கச் சொல்லி, டியூஷனுக்குக் கொடுப்பதை அவருக்குக் கொடுங்கள். பாடம் நடத்த வேண்டாம், கதையும் விளையாட்டும் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாலாம் வகுப்புக்கு மேல், கேட்டால் புரிகிறது, வாசிக்கிறது, பேசப் பேச்சுத் துணை மட்டும் இல்லை என்கிற நிலைக்கு வந்த பிள்ளைக்குத்தான் கிளாஸ் அர்த்தமுள்ளதாகிறது. அப்போதும் டெமோவில் நீங்களும் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். மிஸ் பேசுவது எவ்வளவு, பிள்ளைகள் பேசுவது எவ்வளவு என்று கவனியுங்கள். ஒரு பிள்ளை தப்பாகச் சொன்னதும் மற்ற பிள்ளைகள் சிரித்தால் மிஸ் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அந்தச் சிரிப்பை அவர் கண்டுகொள்ளாமல் விட்டால் எழுந்து வந்துவிடலாம்.

எந்த வழியில் போனாலும் முதல் சில மாதங்கள் பிள்ளை பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அதிகம் பேசாமல் இருக்கலாம். நிறையப் பிள்ளைகளுக்கு இந்த மௌன காலம் உண்டு, சிலருக்கு நீளம், சிலருக்குக் குறைவு. அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் நிறுத்தி "ஆன்ட்டிக்கு இங்கிலீஷ்ல ஏதாவது சொல்லு" என்று கேட்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.